திரும்பப் படித்தவை – 17: மூன்று கமலாக்கள்

போன வாரம் உங்களைச் சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்து வாசலில் விட்டுவிட்டு வந்தேன். கிருபாபாய் சத்தியநாதன் ஆங்கிலத்தில் எழுதிய ‘சகுணா’, ‘கமலா’ நாவல்கள் இரண்டையும் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன், இந்த வாரம் ‘கமலா’ என்று சொல்லியிருந்தேன். தொடர்ந்து வருகிறவர்களுக்கு இவ்வளவு போதும். புதிதாக வருகிறவர்கள் பழைய இதழைத் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிதிருத்தும் கடைகளில் கிடைக்கும்.

‘கமலா’ இந்த வாரம் வராது. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு வருடக் கணக்கைச் சரிபார்க்கப் போய் மாட்டிக்கொண்டேன். ‘கமலா’ புத்தகமாக வந்தது 1894. எழுதிவைத்த அந்த எண்ணுக்குப் பக்கத்தில், எப்போதோ வேறு காரியத்துக்காகக் குறித்துவைத்த இன்னொரு வரி இருந்தது: ‘கமலாம்பாள் சரித்திரம்’, விவேக சிந்தாமணி, 1893 முதல் 1895 வரை. முப்பது வருடமாக இரண்டையும் தனித்தனியாகத் தெரியும். ஒன்று ஆங்கில அலமாரியில் இருந்தது, ஒன்று தமிழ் அலமாரியில். ஒரே ஊரில், ஒரே நேரத்தில், ஒரே பெயரில் இரண்டு நாயகிகள் அச்சேறிக்கொண்டிருந்தார்கள் என்பது இந்த வாரம்தான் உறைத்தது. அலமாரியைப் பிரித்து வைத்தால் மூளையும் அப்படியே பிரிந்துவிடுகிறது.

இதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி.ஆர். ராஜமய்யர் பி.ஏ. படித்தது சென்னை கிறித்தவக் கல்லூரியில். அப்போது அந்தக் கல்லூரி தாம்பரத்துக்குப் போகவில்லை (அது 1937ல்). பாரிமுனைப் பக்கம் எஸ்பிளனேடில் இருந்தது. மில்லர் துரை முதல்வர். 1880களின் கடைசி அது. அதே கல்லூரியில் அதையொட்டிய ஆண்டுகளில் படித்த இன்னொரு பையன் பெருங்குளத்து அ. மாதவையா. ராஜமய்யரும் மாதவையாவும் 1872ல் பிறந்தவர்கள். சரி, கிருபாபாயின் ‘சகுணா’ முதலில் எங்கே வந்தது? 1887, 88ல், தொடராக, ‘மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் மேகஸீன்’ என்ற மாதப் பத்திரிகையில். அதாவது இவர்கள் படித்த அந்தக் கல்லூரியின் பத்திரிகையிலேயே!

தமிழின் முதல் நாவல்களில் இரண்டை எழுதப் போகிற பையன்கள் அந்த மேகஸீனைப் புரட்டியிருப்பார்கள் என்பதற்குக் கடிதம், நாட்குறிப்பு எதுவும் என் கையில் இல்லை. ஆசை மட்டும் இருக்கிறது. படிக்கிற வயதில் கல்லூரிப் பத்திரிகையில் ஒரு பெண் தன் கதையைத் தானே எழுதினால் எந்தப் பையன் புரட்டாமல் விடுவான்? மாதவையா பின்னால் அந்த மேகஸீனிலேயே ஆங்கிலக் கவிதைகள் எழுதினார். தமிழில் ‘பத்மாவதி சரித்திரம்’, ஆங்கிலத்தில் ‘கிளாரிந்தா’ என்று, பெண்ணை நடுவில் வைத்த கதைகளாகவே எழுதிக்கொண்டு போனார். இதற்கு மேல் போனால் வழக்கறிஞராகிவிடுவேன். நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்றாவது கமலா யார் என்று கேட்பீர்கள். கிருபாபாய் 1894 ஆகஸ்ட் 3ம் தேதி, காசநோயில், முப்பத்திரண்டு வயதில் போய்விட்டார். அவர் கணவர் சாமுவேல் சத்தியநாதன் பிரசிடென்சி கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். 1898ல் மறுமணம் செய்துகொண்டார். அந்தப் பெண்ணின் பெயர் கமலா. இதற்கு நான் என்ன செய்வது? முதல் மனைவியின் கடைசி நாவல் ‘கமலா’. இரண்டாவது மனைவி கமலா. நாவலாசிரியன் எவனாவது இப்படி எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

இந்தக் கமலா சத்தியநாதன் சும்மா இருக்கவில்லை. 1901ல் ‘இந்தியன் லேடீஸ் மேகஸீன்’ என்று ஆங்கில மாதப் பத்திரிகை ஒன்றைச் சென்னையிலிருந்து தொடங்கி நடத்தினார். 1905ல் அதில் ஒரு கதை வந்தது. வங்காளத்து முஸ்லிம் பெண் ஒருவர் அனுப்பியது. பெண்கள் நாட்டை ஆளுகிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள் கோஷாவில் அடைபட்டுக் கிடக்கிறார்கள், சூரிய வெப்பத்தில் சமையல் நடக்கிறது, வானத்தில் வண்டி பறக்கிறது. ஆம், ரொகேயா பேகத்தின் ‘சுல்தானாவின் கனவு’. உலகம் முழுக்கப் பாடப் புத்தகங்களில் இருக்கிற கதை. முதல் அச்சு நம் ஊரில். வானத்தில் வண்டி பறக்கும் என்று அந்தம்மாள் எழுதிய கதையைப் பற்றிப் பறக்கும் ரயிலில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன் என்பதையும் சொல்லிக்கொள்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும்.

பறக்கும் ரயில் என்றதும் ஒன்று. 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து பதினான்கு மாதம் அந்த ரயில் கடற்கரை வரை போகவில்லை, நினைவிருக்கிறதா? நாலாவது தண்டவாளம் போடுகிறோம் என்று எல்லாரையும் சிந்தாதிரிப்பேட்டையில் இறக்கிவிட்டார்கள். மந்தைவெளியில் ஏறி பாரிமுனைக்குப் போய்க்கொண்டிருந்த நான் நடுவழியில் இறங்கி, திட்டிக்கொண்டே, கூவம் மூன்று பக்கம் வளைத்துக்கொண்ட இந்தப் பேட்டைக்குள் நடக்க ஆரம்பித்தேன். அதுவரை மீன் வாங்கவும், ரிச்சி தெருவில் ரேடியோ பழுது பார்க்கவும் மட்டும் வந்த இடம். 1734ல் கவர்னர் மார்ட்டன் பிட் நெசவாளர்களைக் குடிவைத்த சின்னத் தறிப் பேட்டை இது. தறிச் சத்தம் நின்று எத்தனையோ காலமாகிறது.

இங்கேதான் மே தினப் பூங்காவில் எங்கள் பெஞ்சு. சங்கம், மன்றம் என்று பெயரெல்லாம் கிடையாது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு மூன்று பேர்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் (எல்லாருக்கும் அவர் ‘டீச்சர்’தான்), ரிச்சி தெருவில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிற தம்பி, நான். அந்த வாரம் யார் எதைப் படித்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். படித்து முடித்துவிட்டு வந்து சொல்லக் கூடாது என்பது டீச்சர் போட்ட சட்டம். “முடிச்சிட்டா தீர்ப்பு சொல்ல ஆரம்பிச்சுடுவீங்க. நடுவுல இருக்கும்போதுதான் உண்மை வரும்” என்பார். தீர்ப்பு சொல்லியே பிழைக்கிற எனக்கு இது கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்.

தம்பி ‘பொன்னியின் செல்வ’னை நாலாவது தடவை படிக்கிறான். கல்கி அதை வாரா வாரம் மூன்றரை வருடம் எழுதினார். இவனும் ஏறக்குறைய அதே வேகம்தான். “இந்தத் தடவை வந்தியத்தேவன் போரடிக்கிறான் சார். பூங்குழலி வர்ற பக்கம் மட்டும் தேடித் தேடிப் படிக்கிறேன்” என்றான். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறான். கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

நான் என் மூன்று கமலாக்களை எடுத்துப் பரப்பினேன். பாதியிலேயே டீச்சர் கையமர்த்தினார்.

“சார், நீங்க நாவலப் பத்தி ஒண்ணுமே சொல்லல. நாவல் இருந்த பத்திரிகை, பத்திரிகை இருந்த கல்லூரி, கல்லூரியில இருந்த பசங்க. உள்ள என்ன இருக்கு?”

“உங்களுக்குத் தெரியாததா டீச்சர்? கிறித்தவரான மராட்டிய பிராமணக் குடும்பம். பொண்ணு படிக்கிறா. அண்ணன் சொல்லிக்கொடுக்கிறான், செத்துப் போயிடறான். மெட்ராசுக்கு டாக்டருக்குப் படிக்க வர்றா. உடம்பு முடியல. கல்யாணம்.”

“அது மகளோட கதை. மகள் பொறக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு பக்கம் போகுதுன்னு பார்த்தீங்களா? நாயகி மக இல்ல சார். அம்மா.”

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து ‘சகுணா’வை மறுபடி எடுத்தேன்.

என்னிடம் இருப்பது ஆக்ஸ்ஃபோர்டு 1998ல் போட்ட மறுபதிப்பு. இலங்கையில் பிறந்த சாந்தனி லோகுகே பதிப்பித்தது. அட்டையிலேயே இருக்கிறது: இந்தியப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் தன்வரலாற்று நாவல். அன்றைக்கு நான் அந்த ‘முதல்’ என்ற சொல்லைத்தான் படித்தேன். முதல் நூல்களுக்கு நாம் செய்கிற அவமரியாதை இது. எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879 என்று பரீட்சைக்கு எழுதியவர்களில் எத்தனை பேர் அதில் சிரித்திருப்பார்கள்? அந்தச் சிரிப்புக்காகவே அதைப் படிக்கலாம்.

‘சகுணா’வின் தொடக்கத்தில் வருகிற ராதா குழந்தையாகக் கட்டிக்கொடுக்கப்பட்டவள். மாமியார் வீடு. கணவன் ஒரு நாள் வேறு தெய்வத்தைத் தேடிப் போய்விடுகிறான். அவள் பின்னாலேயே போயாக வேண்டும், போகிறாள். ஆனால் நம்பிக்கையில்லாமல், ஆசாரம் விடாமல், அழுதுகொண்டு போகிறாள். முதல் தடவை இதை மதமாற்றக் கதை என்று படித்து, கிறித்தவப் பத்திரிகையில் வேறென்ன வரும் என்று நகர்ந்துவிட்டேன். இப்போது படித்தால் அப்படி இல்லவே இல்லை. கிருபாபாய் கிறித்தவராகவே பிறந்தவர், 1862ல், அகமத்நகரில். அப்பா ஹரிபந்த் கிஸ்தி எடுத்த முடிவு சரி என்பதில் மகளுக்குச் சந்தேகமில்லை. இருந்தும், அந்த முடிவை யாரும் தன்னைக் கேட்காமல் எடுத்தார்கள் என்ற அம்மாவின் தவிப்பை அவர் மூடி மறைக்கவில்லை. சரியான முடிவுக்கும் ஒருத்தி விலை கொடுத்தாள் என்று எழுதியிருக்கிறார். கூட்டம் கூட்டி ‘சீர்திருத்தம்’ பேசிய நாட்களில் இதை எழுத ஒரு தைரியம் வேண்டும்.

மிஷனரி துரைசானிகளையும் அவர் விடவில்லை. உள்ளூர்க் கிறித்தவர்களைத் தாழ்வாகப் பார்க்கிற அவர்களுடைய பார்வை சகுணாவுக்குச் சுருக்கென்று தைக்கிறது; மிஷன் கல்லூரியின் பத்திரிகையிலேயே அதுவும் அச்சாகியிருக்கிறது.

மெட்ராஸ் பகுதிதான் ஏமாற்றம், அன்றும் இன்றும். 1878ல் கிருபாபாய் இங்கே மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். பெண்களை அங்கே சேர்க்க ஆரம்பித்தே மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. தங்கியது சீயோன் ஆலயத்துப் போதகர் டபிள்யூ.டி. சத்தியநாதன் குடும்பத்தோடு. அந்தக் குடும்பத்து அன்னம்மாள் பெண்களுக்குப் பள்ளிகள் நடத்தி, வீடு வீடாகப் போய்ப் படிப்புச் சொல்லிக்கொடுத்தவர்; பின்னால் கிருபாபாய்க்கு மாமியார். ஒரு வருடத்தில் உடம்பு உடைந்து படிப்பு நின்றது. பேட்டையில் நடந்த இதெல்லாம் நாவலில் ஓட்டமாக ஓடிவிடுகிறது. கூவக்கரையில் ஒரு பக்கமாவது நின்றிருக்கக் கூடாதா அம்மா என்று எனக்கு ஆதங்கம். சிந்தாதிரிப்பேட்டைக்காக அவரைப் படிக்க வந்தவனுக்கு அவர் சிந்தாதிரிப்பேட்டையைத் தரவில்லை. மலை, கடல், தக்காணத்துக் காற்று என்றால் பக்கம் பக்கமாக எழுதுகிறார்.

டீச்சரிடம் தொலைபேசியில் சரணடைந்தேன். “அம்மாதான் டீச்சர், ஒத்துக்கறேன்.”

“எத்தனாம் பக்கத்துல இருக்கீங்க?”

“முடிச்சுட்டேன்.”

“அப்ப தீர்ப்பு. கணக்குல வராது” என்று வைத்துவிட்டார்.

என்ன செய்ய, எனக்குத் தீர்ப்புதான் தொழில். ‘சகுணா’வின் முன்பாதி பெரிய எழுத்து, பின்பாதி நல்ல மனுஷியின் எழுத்து. ‘கமலா’ அப்படியில்லை, நோய் தீராது என்று தெரிந்த பிறகு படுக்கையில் எழுதிய நாவல் அது, கதையிலும் ஒரு குழந்தை சாகிறது, எழுதியவரும் தன் ஒரே குழந்தையை ஒரு வயது நிறைவதற்குள் பறிகொடுத்தவர். அதைக் கடைசிப் பத்தியில் அவசரமாக அடைக்க மனம் வரவில்லை. உதவி ஆசிரியர் வேறு நாலாவது தடவையாகக் கூப்பிடுகிறார்: “சார், பக்கம் நிக்குது.”

அடுத்த வாரம் ‘கமலா’. அதற்குள் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்த இரண்டு நாவல்களும் அந்தக் காலத்திலேயே தமிழாகி அச்சேறியவை. தாத்தா பாட்டி பெட்டியிலோ பரணிலோ அட்டை போன பழைய பிரதி ஏதாவது கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இந்த இதழின் முகவரிக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள். நானே வந்து, உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து படித்துவிட்டு, அங்கேயே வைத்துவிட்டு வருகிறேன்.