உறங்காத கொடி: கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை

பாண்டியர் செப்பேடுகள் கிடைத்த சின்னமனூருக்கும், சமணத் தீர்த்தங்கரர் உருவங்களைப் பாறையில் தாங்கி நிற்கும் உத்தமபாளையத்துக்கும், அவற்றுக்குத் தெற்கே உள்ள கம்பத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில், கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்களின் மேல் படர்ந்திருப்பது பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இதனைத் தாவரவியலார் மஸ்கட் ஹாம்பர்க் என்பர். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான இந்தக் கலப்பினத்தின் பெற்றோருள் ஒன்று, மத்தியதரைக் கடற்கரையின் பழங்கொடியான அலெக்சாண்டிரியா மஸ்கட். பழத்தைப் பிளந்தவுடன் எழும் பன்னீர் மணம் அந்த வழியில் வந்ததே.

மத்தியதரைக் கடல் நாடுகளில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கி, இளவேனிலில் விழித்து, ஆண்டுக்கு ஒரே முறை காய்க்கிறது. கம்பத்தில் அதனை உறங்க வைக்கும் குளிர் இல்லாததால், கொடியை வெட்டிவிடும் வேலையாகிய கவாத்தே பருவத்தின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. கவாத்து முடிந்து ஏறத்தாழ 4 மாதங்களில் பழம் அறுவடைக்கு வருகிறது. ஒவ்வொரு தோட்டத்தாரும் வெவ்வேறு நாளில் கத்தரி எடுப்பதால், ஒரு பந்தலில் துளிர் விடும்போது அடுத்த பந்தலில் குலை கறுத்துத் தொங்க, பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் பழம் கிடைக்கிறது.

இதனினும் வியப்பானது, குலை உருவாகும் காலம். கவாத்துக்குப் பின் வெளிப்படும் பூங்கொத்து அப்போது தோன்றுவதன்று. முந்தைய பருவத்திலேயே, இலைகளின் ஊடே விழுந்த வெயிலைப் பெற்று, மொட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் அது அமைந்துவிடுகிறது. ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டில் பட்டுச் சேலையின் நீள இழையாகிய பாவை ஓட்டும்போதே அதன் நீளமும் நிறமும் முடிவாகிவிடுவதும், தறியில் அமர்பவர் அதன்பின் அவற்றை மாற்ற இயலாததும் இதற்கு ஒப்பு. எனவே, கத்தரி வைக்குமுன் குச்சியில் எந்தக் கணு வரை விளைமொட்டு உள்ளது என்று அறிந்து வெட்டுவதே கவாத்தின் நுட்பம்.

இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடை வரை எடுக்கப்படும் இக்கொடிக்கு, அறுவடைக்கும் அடுத்த கவாத்துக்கும் இடையே விடப்படும் நாட்களே ஓய்வு. அந்த நாட்களில்தான் இலைகள் ஆக்கிய மாவுச்சத்து தண்டிலும் வேரிலும் சேர்கிறது. விலை ஏறும் மாதத்தைக் குறிவைத்து அந்த ஓய்வைக் குறைப்பது கொடிக்குச் செய்யும் கொடுமை. ஆனால், மெல்லிய தோலுடைய இப்பழத்தைக் காத்துவைக்கக் குளிர்பதனக் கிடங்கும் சாறு பிழியும் ஆலையும் போதுமான அளவில் அமையாதவரை, விலைச் சரிவுக்கு அஞ்சி விரைந்து வெட்டுபவரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது.