எல்லை தாண்டும் நிரல்கள்

பதினோராம் வகுப்பில் சி++ அணிகளை நடத்தும்போது ஒரு சிக்கலை ஆண்டுதோறும் சந்திக்கிறேன். ஐந்து மதிப்பெண்களுக்கு அணியை அறிவித்துவிட்டு, மடக்கை 0 முதல் 5 வரை ஓடவிடுவார்கள். அது ஆறு முறை சுற்றும். ஆறாவது எண், அணிக்கு வெளியே வேறு எதற்கோ உரிய நினைவகத்தில் போய் உட்காரும். தவறு என்று சொன்னால், "விடை சரியாத்தானே வருது சார்" என்பார்கள். பல நேரங்களில் வரவும் செய்யும்! அதுதான் ஆபத்து. பைத்தான் இந்த இடத்தில் பிழை காட்டி நின்றுவிடும். சி, சி++ மொழிகளோ அந்தச் சோதனையை நிரல் எழுதுபவரிடமே விட்டுவிட்டன.

வாய்வழி விளக்கத்தைவிட 'அட்ரஸ்சானிட்டைசர்' நன்றாகப் புரியவைக்கிறது. ஜிசிசி நிரல்பெயர்ப்பியில் இருக்கும் வசதி இது. அணியைச் சுற்றி வேலி போட்டு, யாராவது தாண்டினால் நிரலை நிறுத்திவிடும். பிழைநீக்கத் தகவலுடன் தொகுத்தால் வரி எண்ணும் கிடைக்கும். நினைவகத்தைக் கேட்டு வாங்கித் திருப்பித் தராத கசிவுகளைக் கண்டுபிடிக்க 'வால்கிரைண்ட்' உதவும்.

இது வகுப்பறைப் பிழை மட்டுமல்ல. இணையப் பரிமாற்றத்தை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2014இல் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' பிழையும் இதே குடும்பம்தான். இங்கே எழுதுவதில் அல்ல, படிப்பதில் எல்லை மீறியது.

இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்றறிய ஒரு கணினி சிறு செய்தியை அனுப்பும். அதன் நீளத்தையும் சொல்லும். சேவையகம் அதே செய்தியைத் திருப்பி அனுப்ப வேண்டும். பள்ளி அலுவலகத்தில் ஒரே ஒரு தாளைக் கொடுத்து, "இதில் 64 பக்கம் இருக்கிறது, நகல் எடுங்கள்" என்கிறோம் என்று வையுங்கள். பணியாளர் எண்ணிப் பார்க்காமல், அந்தத் தாளோடு மேசையில் அதனடியில் கிடக்கும் 63 தாள்களையும் நகலெடுத்துத் தந்தால் என்ன ஆகும்? சேவையகம் செய்தது அதையேதான். ஒரு முறைக்கு ஏறத்தாழ 64 கிலோபைட் வரை, பக்கத்து நினைவகத்தில் இருந்ததெல்லாம் வெளியே போனது: கடவுச்சொற்கள், சில சமயம் சேவையகத்தின் இரகசியத் திறவுகோலே.

2012 மார்ச்சில் வெளியான 1.0.1 பதிப்பில் வந்த இந்தப் பிழை, 1.0.2இன் முதல் பீட்டா பதிப்பிலும் இருந்தது. பிழை பிடிக்கத்தானே பீட்டா என்று கேட்கலாம். நீளத்தை உண்மையாகச் சொல்லும் செய்திகளை அனுப்பிச் சோதித்தால் எல்லாமே ஒழுங்காக நடக்கும். பொய் சொல்லும் செய்தியை அனுப்பிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

திருத்தம் மிகச் சிறியது. சொல்லப்பட்ட நீளம், உண்மையில் வந்த செய்திக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பது. அடங்காவிட்டால் பதில் சொல்லாமல் விட்டுவிடுவது. 2014 ஏப்ரல் 7இல் 1.0.1ஜி பதிப்பில் இது சேர்க்கப்பட்டது.

நிரலைத் திருத்தியதோடு வேலை முடியவில்லை. இந்தத் தாக்குதல் வழக்கமான பதிவேடுகளில் தடயம் விடாது என்பதால், என்ன கசிந்தது என்றே பலருக்குத் தெரியவில்லை. கனடாவின் வருவாய்த் துறை சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் திருடப்பட்டதாக அறிவித்தது. பல நிறுவனங்கள் கசிந்திருக்கும் என்றே எடுத்துக்கொண்டு, திறவுகோல்களையும் சான்றிதழ்களையும் மாற்றி, பயனர்களிடம் கடவுச்சொல்லை மாற்றச் சொல்ல வேண்டியதாயிற்று.