கிலோமீட்டரா, நிமிடமா? அந்தமானுக்குப் பொருந்தாத அளவுகோல்கள்

புது தில்லி: உள்நாட்டு விமானக் கட்டணங்களுக்கு மத்திய அரசு அண்மை ஆண்டுகளில் இரண்டு முறை உச்ச வரம்பு விதித்தது. முதல் முறை பறக்கும் நேரமும், அடுத்த முறை பறக்கும் தொலைவும் அளவுகோலாயின. இவ்விரண்டுமே கணக்கில் கொள்ளாத ஓர் உண்மை, அந்தமான் தீவுகளில் வசிப்போரின் நிலையாகும்.

கரோனா பொது முடக்கத்துக்குப் பின் 2020 மே மாதம் விமானங்கள் மீண்டும் பறந்தபோது, பயண நேரத்தின் அடிப்படையில் வழித்தடங்கள் 7 பிரிவுகளாக வகுக்கப்பட்டன. 40 நிமிடங்களுக்கு உட்பட்ட பயணம் முதல் பிரிவு. மூன்று முதல் மூன்றரை மணி நேரப் பயணம் கடைசிப் பிரிவு. இந்தக் கட்டுப்பாடு 2022 ஆகஸ்ட் இறுதியில் விலக்கிக்கொள்ளப்பட்டது.

2025 டிசம்பரில் இண்டிகோ நிறுவனம் ஏராளமான விமானங்களை ரத்து செய்ததால் கட்டணங்கள் எகிறின. அப்போது தற்காலிக வரம்பு தொலைவைக் கொண்டு வகுக்கப்பட்டது. 1,000 முதல் 1,500 கிலோமீட்டர் வரை ரூ. 15,000, அதற்கு மேல் ரூ. 18,000. வரியும் விமான நிலையக் கட்டணங்களும் தனி.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு வான்வழித் தொலைவு சுமார் 1,370 கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஏறத்தாழ இரண்டு மணி. தில்லியிலிருந்து சுமார் 2,500 கிலோமீட்டர். கணக்குப்படி முதல் வழித்தடத்துக்கு ரூ. 15,000, இரண்டாவதற்கு ரூ. 18,000 என்பதில் குழப்பம் ஏதுமில்லை.

ஆனால், சென்னை - தில்லி விமானக் கட்டணம் உயர்ந்தால் பயணி தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலோ ஏறலாம். போர்ட் பிளேரை அடுத்த மின்னி பேயில் வசிப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. விமான நிலையம் சில கிலோமீட்டர் தொலைவில் இருந்தும், பயணச்சீட்டு கைக்கு எட்டாவிட்டால் எஞ்சுவது கப்பல் மட்டுமே. அது சென்னை வந்துசேர ஏறத்தாழ மூன்று நாள்கள் ஆகும். நினைத்த நாளில் புறப்படவும் செய்யாது. சிறப்புச் சிகிச்சைக்கு வரும் நோயாளிக்கும், பெற்றோரின் இறுதிச் சடங்குக்கு ஊர் திரும்பும் மகனுக்கும் அந்த மூன்று நாள்கள் மிக நீண்டவை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 15 சதவீதத்தினர். எனவே இது தமிழகக் குடும்பங்களின் பிரச்னையும்கூட.

வசதிகள் பெருகாமல் இல்லை. சுமார் ரூ. 710 கோடியில் கட்டப்பட்ட வீர சாவர்க்கர் விமான நிலையத்தின் புதிய முனையம் 2023 ஜூலையில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் பயணிகளைக் கையாளும் திறன் அதற்கு உண்டு. போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றுவதாக 2024 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. முனையம் விரிந்தது, பெயர் மாறியது, கட்டணம் நிர்ணயிக்கும் உரிமை மட்டும் விமான நிறுவனங்களிடமே உள்ளது. நெருக்கடி முற்றினால்தான் அரசு தலையிடுகிறது.

இதைத் தட்டிக் கேட்கும் குரலோ மெலிந்தது. இந்த யூனியன் பிரதேசத்துக்குச் சட்டப்பேரவை இல்லை, மாநிலங்களவையில் இடமில்லை. மக்களவையில் உள்ளது ஒரே ஓர் உறுப்பினர். சுற்றுலாப் பருவத்தில் கட்டணம் உயர்வதைப் பயணி ஒருவர் தவிர்த்துவிடலாம். ஊரே அங்கே இருப்பவர் தவிர்க்க முடியாது.

அடுத்த முறை கட்டண வரம்பு வகுக்கப்படும்போது, மாற்றுவழி உண்டா என்பதும் ஓர் அளவுகோலாக வேண்டும். தொலைவையும் நேரத்தையும் கணக்கிட்டவர்களுக்கு இது கடினமான கணக்கல்ல.