பழைய ஆய்வகத்தைப் புதுப்பிக்கும் முன் தரைக்கு அடியில் பாருங்கள்

நூறாண்டு பழைய அறிவியல் கட்டடத்தைப் புதுப்பிக்க, வெள்ளையடித்து, வயரிங் மாற்றி, லிஃப்ட் வைத்தால் போதாதா? போதாது. வகுப்பறைக் கட்டடத்துக்கு அது போதலாம். ஆய்வகத்தில் அன்று சிந்தியது இன்றும் தரைக்கு அடியில் கிடக்கலாம்.

அப்படி எங்காவது நடந்திருக்கிறதா? இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 1900இல் திறக்கப்பட்ட அதன் இயற்பியல் ஆய்வகத்துக்கு 1907இல் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு வந்தார். அணுவுக்குள் கரு இருக்கிறது என்று 1911இல் உலகுக்குச் சொன்னது அங்கிருந்துதான். அந்த ஆய்வுகளில் ரேடியமும் (தானாகவே கதிர்வீச்சை வெளிவிடும் உலோகம்) பாதரசமும் புழங்கின. ரேடியத்தின் ஆபத்து அன்று யாருக்கும் சரிவரத் தெரியாது.

பின்னாளில் அதே அறைகளில் உளவியல் துறை இயங்கியது. பல ஆண்டுகள் கழித்துத்தான் பழைய ரேடியத்தின், பாதரசத்தின் மிச்சங்கள் தெரியவந்தன. அங்கே வேலை பார்த்த சிலர் புற்றுநோயால் இறந்திருந்ததால் பலருக்கும் அச்சம். 2009இல் வெளியான தனி விசாரணை அறிக்கை, இறப்புகளுக்குக் கட்டடம் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு என்றது. ஆனாலும் குடியேறும் முன்பே சோதித்திருந்தால், அத்தனை குடும்பங்களும் அந்தக் கேள்வியோடு காத்திருந்திருக்க வேண்டாம்.

இவ்வளவு காலத்தில் ரேடியம் தீர்ந்திருக்காதா? அது பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது.

அப்படியானால் இடித்துவிடலாமா? வேண்டாம். சோதிக்காமல் இடித்தால் அதே நஞ்சு தூசியாகப் பறக்கும். சோதித்துச் சுத்தம் செய்தபின், பழைய கட்டடத்தை வகுப்பறைக்கும் அலுவலகத்துக்கும் விடுவதே நல்லது என்பேன். இன்றைய வேதியியல் ஆய்வகத்துக்கு ஃப்யூம் ஹூட் (நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் அலமாரி) வேண்டும். அதற்கான பெரிய குழாய்களைக் கொண்டுபோகப் பழைய சுவர்களைப் பல இடங்களில் உடைக்க நேரும்.

சுவர் பூச்சுக்குச் சிமென்ட் போதுமா? பழைய செங்கல் சுவருக்குச் சுண்ணாம்புக் காரைதான் சரி. சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும், செங்கல் பொரிந்து உதிரும்.

இதில் உங்கள் வேலை என்ன? பழைய ஆய்வகக் கட்டடத்தில் அறை ஒதுக்கினால், முன்பு அங்கே என்ன நடந்தது, சோதனை அறிக்கை இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். சுவரிலோ கூரையிலோ நீங்களாகத் துளை போடாதீர்கள். பழைய கூரைத் தகட்டிலும் குழாய் உறையிலும் ஆஸ்பெஸ்டாஸ் (நுரையீரலைக் கெடுக்கும் நார்க்கனிமம்) இருக்கலாம். தரை இடுக்கில் வெள்ளி மணிபோல் ஏதாவது மின்னினால் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், வேக்குவம் கிளீனரும் வேண்டாம்; இரண்டுமே பாதரசத்தைப் பரப்பிவிடும். ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து, பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

புதுப்பிக்கும் குழுவில் நீங்களே இருந்தால், வரைபடம் போடுவதற்கு முன் ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்களை அழைத்து, கட்டடம் முழுவதும் உடன் நடந்து வாருங்கள். எந்த அறையில் எந்தப் பாட்டில் இருந்தது என்பது பதிவேட்டில் இல்லாவிட்டாலும் அவர்கள் நினைவில் இருக்கும்.