மழைக்கு அஞ்சும் மாரியூர்

ஊரின் பெயரிலேயே மாரி இருக்கிறது. ஆனால், ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டாரத்தில் மன்னார் வளைகுடாவை ஒட்டியிருக்கும் மாரியூரில், மழையை எல்லோரும் ஒரே மனதோடு வரவேற்பதில்லை.

காரணம் உப்பு. 1974-ல் உருவான தமிழ்நாடு உப்புக் கழகத்தின் மாரியூர் - வாலிநோக்கம் உப்பளம் 5,000 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புதான் உண்டு. உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலும் காற்றும் வற்றவைத்த பிறகே உப்பு பூக்கும். பூத்ததை வாரிக் குவிப்பதற்குள் ஒரு நல்ல மழை பெய்தால், உழைப்பெல்லாம் கரைந்துவிடும்.

இங்கே ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அப்போது உப்பளத்தில் வேலை இல்லை. அந்த மாதங்களைச் சமாளிக்க, உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-ல் தொடங்கியது.

அதே மழைக்காகத்தான் உள்பக்கத்து விவசாயி வானத்தைப் பார்த்திருக்கிறார். கண்மாய் நிறைந்தால் நெல். இல்லாவிட்டால் மிளகாய்தான் துணை. ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மழை ஏமாற்றினாலும் பனை நிற்கும். சாயல்குடி பக்கம் இன்றும் கருப்பட்டி காய்ச்சுகிறார்கள்.

குடிநீரோ எப்போதும் சோதனைதான். நிலத்தடி நீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். மணலில் ஊற்று தோண்டி, ஊறும் நீரைக் குடத்தில் சேர்த்து, தள்ளுவண்டியில் வீடு கொண்டு போவது இந்த வட்டாரப் பெண்களின் அன்றாடப் பாடு. காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும், குழாயில் தண்ணீர் வராத நாளில் ஊற்றுதான் கதி.

1910-ல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது ராமநாதபுரம் மாவட்டம். 1985-ல் அதிலிருந்து சிவகங்கையும் விருதுநகரும் தனியாகப் பிரிந்தன. எல்லைகள் மாறின, தண்ணீர்க் கவலை மாறவில்லை.

மாரியூர் பூவேந்தியநாதர் கோயிலில் சித்திரைத் திருவிழாவின்போது, சிவபெருமான் மீனவராக வந்து சுறாவைப் பிடித்த வலைவீசு படலம் கடற்கரையில் நடத்தப்படுகிறது. மழைக்கடவுள் வருணன் இங்கே வழிபட்டதாகத் தலபுராணம் சொல்கிறது. உப்பளத்துக்காரர் ஒரு வரம் கேட்க, விவசாயி அதற்கு நேர்மாறாகக் கேட்க, வருணன் பாடு திண்டாட்டம்தான்!