வெளிமான்கள் துள்ளும் வேளாவதர் புல்வெளி

1948 முதல் 1952 வரை சென்னையில் கவர்னராக இருந்தவர் பாவ்நகர் மகாராஜா கிருஷ்ணகுமார்சிங்ஜி. கிண்டி கவர்னர் மாளிகைத் தோட்டத்தில் மேயும் வெளிமான்கள் அவருக்குப் புதிய காட்சி அல்ல. குஜராத்தில் அவருடைய சொந்தச் சமஸ்தானத்திலேயே அவை கூட்டம் கூட்டமாகத் திரிந்தன. அந்த இடம்தான் வேளாவதர்.

பாவ்நகருக்கு வடக்கே, காம்பே வளைகுடாவை ஒட்டிய 'பால்' என்னும் சமவெளியில் இருக்கிறது வேளாவதர். மலை இல்லை. பெரிய மரம் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் புல்தான். "இங்கே என்ன இருக்கிறது?" என்று முதல் தடவை வருகிறவர்கள் கேட்பது உண்டு. அரை மணி நேரம் காத்திருந்தால் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

வேட்டைக்காடு காத்த புல்

அந்தக் காலத்தில் இது மகாராஜாக்களின் வேட்டைக்காடு. பழக்கிய சிவிங்கிப்புலிகளை அவிழ்த்துவிட்டு வெளிமான்களைப் பிடிப்பது அவர்களுடைய பொழுதுபோக்கு. அதற்காக ஆப்பிரிக்காவிலிருந்தும் சிவிங்கிகளைத் தருவித்தார்கள். வேட்டைக்கு மான் வேண்டும். மானுக்குப் புல் வேண்டும். ஆகவே ஏர் படாமல் புல் காப்பாற்றப்பட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. 1952-ல் இந்தியாவில் சிவிங்கி இனம் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. சுற்றிலும் நிலம் உழப்பட்டது. துப்பாக்கிகளுக்கு இரையாகி மான்களும் குறைந்தன. மகாராஜாவின் தம்பியும் பறவை ஆராய்ச்சியாளருமான தர்மகுமார்சிங்ஜி, சௌராஷ்டிரத்தின் பறவைகளையும் விலங்குகளையும் காக்க வேண்டும் என்று பாடுபட்டவர்களில் முக்கியமானவர். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமான் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1976-ல் வேளாவதர் தேசியப் பூங்கா ஆயிற்று. பரப்பு சுமார் 34 சதுர கிலோமீட்டர்தான்.

முறுக்கிய கொம்பும் கறுப்பும் வெள்ளையுமான மேனியும் ஆண் வெளிமானின் அழகு. பெண் மானுக்குப் பழுப்பு நிறம். பெரும்பாலும் கொம்பு இராது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மான்கள் ஓரிடத்தில் கூடி, ஆளுக்கு ஒரு சிறு வட்டாரத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்லை தாண்டினால் கொம்போடு கொம்பு மோதும். அந்தச் சந்தைக்குள் நடந்து வந்து, தனக்குப் பிடித்தவனைத் தேர்ந்தெடுப்பது பெண் மான்தான். மானைத் தேடி ஓநாயும் வரும்.

மாலை நேர விருந்தாளிகள்

அக்டோபர் முதல் மார்ச் வரை மாலையில் வானத்தைப் பார்க்க வேண்டும். பூனைப்பருந்துகள் நாலாபுறமிருந்தும் தாழப் பறந்து வந்து புல்லுக்குள் இறங்கும். மரத்தில் தங்கும் பழக்கம் அவற்றுக்கு இல்லை, தரையில்தான் தூக்கம். கஜகஸ்தான் போன்ற தொலைதூர நாடுகளிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வருபவை இவை. 1990-களில் இங்கே ஒரே இரவில் ஆயிரத்துக்கும் அதிகமான பூனைப்பருந்துகள் தங்கியதை ஆராய்ச்சியாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். உலகிலேயே மிகப் பெரிய தங்குமிடங்களில் ஒன்று என்று அப்போது பெயர் கிடைத்தது. பகலில் இவை சுற்றுப்புற வயல்களில் வெட்டுக்கிளிகளைப் பிடித்துத் தின்கின்றன. விவசாயிக்குக் கூலி வாங்காத வேலையாள்!

குதித்துக் குதித்து அழைக்கும் பறவை

எல்லாவற்றிலும் அரிய விருந்தாளி வரகுக்கோழி. மழை பெய்து புல் வளர்ந்த பிறகே அது வந்து சேரும். புல் ஆளை மறைத்துவிடுவதால், பெண் பறவையின் கண்ணில் பட ஆண் பறவை புல்லுக்கு மேலே எம்பிக் குதிக்கிறது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை! பெண் பறவை புல்லுக்குள் தரையிலேயே முட்டையிடுகிறது. மழை பொய்த்தால் புல் இல்லை. புல் இல்லாவிட்டால் குஞ்சும் இல்லை.

இந்தப் பறவைக்குத் தமிழிலேயே பெயர் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முன்பு நம் பக்கத்து மானாவாரி நிலங்களுக்கும் வந்து போன பறவைதான். இன்று அது அழிவின் விளிம்பில் நிற்கிறது. 2021-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிக மிக ஆபத்தான நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

மரமே பகை

காரணம் வேட்டை மட்டும் அல்ல. புல்வெளி என்றாலே வெறும் தரிசு என்ற எண்ணம் எங்கும் இருக்கிறது. ஒன்று உழுதுவிடுகிறார்கள், அல்லது மரம் நட்டுவிடுகிறார்கள். மரம் நடுவது புண்ணியம் என்று வளர்ந்த நமக்கு இது விந்தையாகத் தோன்றும். ஆனால் ராமநாதபுரத்துக்காரர்களுக்குச் சீமைக் கருவேலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதே மரம் இங்கே 'காண்டோ பாவள்' அதாவது 'பைத்தியக்காரக் கருவேலம்' என்று அழைக்கப்படுகிறது. மான்கள் அதன் காயைத் தின்று, புழுக்கையோடு விதையைப் பரப்பிவிடுகின்றன. வனத்துறையினர் வேரோடு பிடுங்கினாலும் மீண்டும் முளைக்கிறது. அது புதராக அடைத்துக்கொண்ட இடத்தில் வரகுக்கோழி குதிப்பதற்கோ மான் ஓடுவதற்கோ வெளி ஏது?

பூங்காவுக்கு அப்பாலும் கவலை உண்டு. வடக்கே 920 சதுர கிலோமீட்டரில் தோலேரா தொழில் மண்டலம் உருவாகி வருகிறது. மானுக்கும் பறவைக்கும் வேலி தெரியாது. சுற்றியுள்ள வயலும் புல்லும் போனால், 34 சதுர கிலோமீட்டர் மட்டும் போதாது.

போவது எப்படி?

மும்பை பாந்திரா முனையத்திலிருந்து பாவ்நகருக்கு நேரடி ரயில் உண்டு. அங்கிருந்து வாடகைக் காரில் ஒரு மணி நேரப் பயணம். குளிர்காலமே ஏற்றது. ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை பூங்கா மூடியிருக்கும். வரகுக்கோழி குடும்பம் நடத்தும் மாதங்கள் அவை. வாசல் அடைத்திருப்பது அதற்காகவும்தான் என்று நினைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது.