தமிழ்த் தரவகச் சேவையகங்களில் மென்பொருள் இற்றைப்படுத்தலும் அகரவரிசைச் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்
தமிழ் அகராதிகளையும் சொல்லடைவுகளையும் தாங்கும் லினக்ஸ் சேவையகங்களின் மென்பொருள் பதிப்புகள் தம்முள் ஒத்திராவிடின், தரவு அழியாமலே தேடலில் மறையக்கூடும். அதன் காரணத்தையும் தவிர்க்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: லினக்ஸ், பொதிக் களஞ்சியம், அகரவரிசை, தரவுத்தளம்

முன்னுரை
லினக்ஸில் மென்பொருள்கள் பொதிகளாகக் களஞ்சியங்களில் வைக்கப்படுகின்றன. டெபியன் தனது 2.1 பதிப்பில் (1999) ஏபிடி என்னும் நிறுவற்கருவியை இணைத்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழிப்பட்டதே. களஞ்சியப் பட்டியலின் மின்கையொப்பத்தைச் சரிபார்த்த பின்னரே சேவையகம் பொதியை நிறுவும். எனினும், கையொப்பம் பொதி வந்த இடத்தை உறுதிசெய்யுமேயன்றி, அது நம் தரவுக்குப் பொருந்துமா என்பதை உறுதிசெய்யாது.

சிக்கலின் தோற்றம்
யுனிகோடு குறியெண் வரிசை தமிழ் நெடுங்கணக்கு வரிசையன்று. அதில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் வரும். ‘க்’ என்பது ‘கௌ’வுக்குப் பின் நிற்கும். ஆதலால் தரவுத்தளங்கள் மொழிவாரி வரிசை விதிகளை நாடுகின்றன. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இவ்விதிகளைப் பெரும்பாலும் இயங்குதளத்தின் ஜிலிப்சி நூலகத்திலிருந்து பெறுகிறது. 2018 ஆகஸ்டில் வெளிவந்த ஜிலிப்சி 2.28 இவ்விதிகளைப் பெருமளவில் மாற்றியது. டெபியன் 9இல் இருந்தது 2.24, டெபியன் 10இல் (2019) இடம்பெற்றது 2.28.

பழைய விதிப்படி அடுக்கிய அடைவில் புதிய விதிப்படி தேடினால், தேடல் தவறான கிளையில் இறங்கி, இருக்கும் சொல்லை ‘இல்லை’ என்று கூறக்கூடும். முதன்மைச் சேவையகத்தின் அடைவு அப்படியே நகல் சேவையகத்துக்குச் செல்வதால், இரண்டும் வேறு பதிப்புகளில் இயங்கினாலும் இதுவே நேரும்.

மேலாண்மை முறை
1. களஞ்சியத்தின் நாளிட்ட நகலொன்றை உள்ளகத்தில் வைத்து, எல்லாச் சேவையகங்களையும் அதனோடு இணைத்தல்.
2. புதிய பொதிகளை முதலில் சோதனைச் சேவையகத்தில் நிறுவி, பல முதலெழுத்துகளிலிருந்து தெரிந்தெடுத்த சொற்களைத் தேடி ஒப்பிடுதல்.
3. ஒரே பதிப்புக்குள் வரும் பாதுகாப்புத் திருத்தங்களைத் தாமதமின்றி ஏற்றல். பதிப்பு மாற்றத்தைத் தனியே திட்டமிட்டு, முதன்மையையும் நகலையும் ஒருங்கே மாற்றுதல்.
4. மாற்றிய பின் எழுத்துத்தரவின் அடைவுகளை மீளக் கட்டுதல். தனித்துவ அடைவு மீளக் கட்ட மறுத்தால், இடையில் இரட்டைப் பதிவுகள் நுழைந்துள்ளனவா எனச் சரிபார்க்க வேண்டும்.

முடிவுரை
தேடியும் கிடைக்காமையைச் சான்றாகக் கொண்டு, ஒரு சொல் குறிப்பிட்ட காலத்தில் வழங்கவில்லை என ஆய்வாளர் முடிவுசெய்வதுண்டு. அடைவு பிழைபட்டிருப்பின் அம்முடிவும் பிழைபடும். எனவே தரவகங்கள் தம் இயங்குதளப் பதிப்பையும் அடைவு கட்டிய நாளையும் வெளியிடுதல் வேண்டும். ஆய்வாளரும் தரவை மேற்கோள் காட்டுகையில் அவற்றைக் குறித்தல் நலம்.